பங்களா ஆர்கிட்டும் லயத்து மூட்டைப்பூச்சியும்

1. அவசர கேஸ்

மேனேஜர் பங்களாவிலிருந்து போன் வந்தபோது நான் அஞ்சலையின் கைக்குழந்தைக்கு ஊதா மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அஞ்சலை கொழுந்து பறிப்பவள். ஆற்றோரத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தாள். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் மூட்டைப்பூச்சி கடித்த தடிப்பு. சொறிந்து சொறிந்து சில இடங்களில் சீழ் வைத்திருந்தது. காய்ச்சலும் இருந்தது. வெளியே பெஞ்சில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

போனில் மேனேஜர் துரையே பேசினார்.

"டிரெஸர், எமர்ஜென்சி. பேக்கை எடுத்துக்கிட்டு உடனே பங்களாவுக்கு வாங்க."

"யாருக்கு சார்?"

"வந்து பாருங்க. வைஃப் ரொம்ப அப்செட்டா இருக்காங்க."

அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. கேமரன் மலைக்கு டாக்டர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாட்களில் ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, பல் பிடுங்குவது எல்லாம் டிரெஸர் வேலை. அதனால் எமர்ஜென்சி என்றால் ஓடித்தான் ஆகவேண்டும். "வந்து மிச்சத்தைப் பார்க்கிறேன்மா" என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டு, தூறலில் மேட்டில் ஏறினேன். போகும் வழியெல்லாம் துரைசானி அம்மாவுக்கு என்னென்ன வந்திருக்கலாம் என்று யோசித்தேன். மயக்கம், ரத்த அழுத்தம், வழுக்கி விழுந்து எலும்பு முறிவு. எல்லாவற்றுக்கும் மனத்துக்குள் தயாராகிவிட்டேன்.

அம்மா கண்ணாடி அறையில் தன் காலில் நன்றாகவே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் துரை. இருவருக்கும் நடுவில் மேசைமேல் ஒரு பூந்தொட்டி.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு டிரெஸர்" என்றார் அம்மா. தொட்டியை என் பக்கம் திருப்பினார். "காலையில பார்த்தா இப்படி."

குனிந்து பார்த்தேன். ஆர்கிட் செடி. இலை தண்டைச் சேரும் இடுக்குகளில் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. நகத்தால் நெம்பினேன். பஞ்சுக்குக் கால் இருந்தது.

"மாவுப்பூச்சி சார்" என்றேன். ஊரில் என் அம்மா வளர்த்த செம்பருத்தியில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்கு இருந்த படிப்பு.

"குணமாகுமா?" என்று கேட்டார் துரை. நான் நோயாளியின் வீட்டாரிடம் பேசும் தோரணையில், "பார்க்கலாம் சார், நம்பிக்கையா இருங்க" என்றேன். அப்படிச் சொல்லிப் பழகிய வாய்.

2. யாருடைய செடி

துரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயர் தனபாலன். வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த எழுபதுகளில் எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் நம்மூர்த் துரை. எங்கோ ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணியின் மகன் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. பழைய துரை எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கப் பார்த்தார். அதே அரைக்கால் சட்டை, அதே தொப்பி, நாலு மணிக்கு அதே தேநீர். நாய்கூட அதே நாய்தான்.

ஆர்கிட்டும் அப்படி வந்ததுதான். அதை வைத்தது முன்பு இங்கே துரைசானியாக இருந்த வெள்ளைக்கார அம்மா என்றார்கள். அவருடைய கணவர் இப்போது கம்பெனி டைரக்டர். வருஷக் கடைசியில் இருவரும் தோட்டத்தைப் பார்க்க வருவார்கள். 'என் ஆர்கிட் எப்படி இருக்கிறது' என்பதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வியாக இருக்கும் என்று துரைக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

"டிரெஸர், உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன்" என்றார் துரை, என்னை வாசல்வரை கூட்டிவந்து. "லோக்கல் ஆளுகிட்ட குடுத்தா எல்லாம் கெட்டுப்போயிடும்னு சொல்றதுக்கே நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. தேயிலை நல்லா வருதுலா. ஆனா அவங்க முதல்ல பார்க்கப்போறது இந்தத் தொட்டியத்தான்."

அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அதனால்தான், "சார், ஆத்தோர லயத்துல மூட்டைப்பூச்சி ரொம்ப மோசம். மருந்து கேட்டிருந்தேன்" என்று துணிந்து சொன்னேன். அதற்கு முன்பும் பலமுறை கேட்டது.

"அது அடுத்த வருஷ பட்ஜெட் எஸ்டிமேட்ல பார்க்கலாம்" என்றார். "மொதல்ல இதைப் பாருங்க."

3. வைத்தியம்

செடிக்கு வைத்தியம் எனக்குத் தெரியாது. புண்ணுக்குத் தெரியும். புண்ணை எப்படிச் சுத்தம் செய்வேனோ அப்படியே செய்தேன். குச்சியில் பஞ்சைச் சுற்றி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து, பூச்சி ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன். ஸ்பிரிட் பட்டதும் வெள்ளைப் பூச்சி பழுப்பாகிச் செத்துப்போகும். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வலிக்காதுல்ல?" என்று ஒரு தடவை கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றினால் இலை கருகும் என்பதை ஓர் இலையைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். பிறகு தண்ணீர் கலந்து, கொஞ்சம் சோப்பும் சேர்த்து, வெயில் படாத நேரத்தில் துடைத்தேன். மறுவாரமே பூச்சி திரும்ப வந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி வந்தது.

துரை தினமும் காலையில் எனக்குப் போன் செய்து நிலவரம் கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்பிரிட் தீர்ந்தது. கேட்ட அன்றே லோரியில் புதுப் புட்டிகள் வந்து இறங்கின. பஞ்சும் வந்தது. நான் கேட்காத பூதக்கண்ணாடி ஒன்றும் வந்தது. மூட்டைப்பூச்சி மருந்துக்கு நான் வாங்கிய பதிலையும் இதையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். சிரிக்காமல் இருந்தால் வேலையை விட்டுப் போயிருப்பேன்.

பக்கத்தில் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலேயே, "செமுட் டுலு லா" என்றார். முதலில் எறும்பைப் பார் என்று அர்த்தம். மாவுப்பூச்சி இனிப்பாக ஒரு நீரைக் கசியவிடும். அதைக் குடிக்கும் ஆசையில் எறும்பு அந்தப் பூச்சியை மாடு வளர்ப்பது போல் வளர்க்கும், செடிவிட்டுச் செடி சுமந்துபோகவும் செய்யும். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியைத் துடைப்பது வீண்வேலை.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேருக்குள் எறும்புக் குடும்பமே இருந்தது. மண்ணுக்குப் பதிலாகப் போட்டிருந்த பழைய அடுப்புக்கரியையெல்லாம் கொட்டி, வேரைக் கழுவி, அழுகியதை வெட்டி, புதுக் கரியும் செங்கல் துண்டும் போட்டு நட்டேன். மேசைக் கால்களைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்தினேன். முட்டை பொரிந்து வரும் என்பதால் வாரம் ஒருமுறை துடைப்பதை நிறுத்தவில்லை. செடி தேறியது. ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரிந்தபடியே இருந்தது.

காரணம் என் கண்ணெதிரே இருந்தது. அம்மா கியா பார்ம் கடைகளில் வாங்கிவந்த புது ஆர்கிட் ஒன்று, பழைய செடியோடு இலை உரசி நின்றது. அதன் அடியிலைகளில் பூச்சி மொய்த்துக்கிடந்தது.

"அம்மா, புதுசா வர்ற செடிய கொஞ்ச நாளு தனியா வைக்கணும். இதுலேர்ந்துதான் வருது போல."

"நோ நோ. அது சுத்தமான செடி. நானே செலக்ட் பண்ணி வாங்கினது." அம்மா யோசித்தார். "லயத்துலேர்ந்து வருதான்னு பாருங்க. வேலைக்கு வர்றவங்க துணியில ஒட்டிக்கிட்டு வரலாம். அங்கேயும் செடி வெச்சிருப்பாங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் துரை தலையாட்டிவிட்டார். அவருக்கு வசதியான விளக்கம் அது. புதுச் செடியை நான் அன்றே சமையல்கட்டுப் பக்கம் நகர்த்திவைத்தேன். அதற்குப் பிறகு பழைய செடியில் பூச்சி வரவில்லை. ஆனால் உத்தரவு அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

4. பெரட்டுக்களத்தில் உத்தரவு

மறுநாள் காலை, பனி விலகாத நேரத்தில், ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சாமுவேல் உத்தரவைப் படித்தார். எதைப் படித்தாலும் துக்கச் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார். "லயத்தில் யார் வீட்டிலாவது ஆர்கிட் செடி இருந்தால் டிரெஸருக்குத் தெரியப்படுத்த வேண்டும். செடியில் பூச்சி இருந்தால் கம்பெனி செலவில் உடனடியாக மருந்து அடிக்கப்படும்."

ஆர்கிட் என்றால் என்ன என்று சிலர் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்கள். அப்போது கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டிருந்த அஞ்சலை கேட்டாள்:

"கிராணி ஐயா, மருந்து செடிக்கு மட்டும் அடிப்பாங்களா, செடி இருக்குற வீட்டுக்கும் அடிப்பாங்களா?"

கிராணி துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கும் சேர்த்துதான்" என்றார் துரை. "பூச்சி உள்ளே எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும்."

"ஒளிஞ்சுதான் இருக்கு துரை" என்றாள் அஞ்சலை. பிறகு மற்றப் பெண்களோடு மலைக்குப் போய்விட்டாள்.

5. லயத்தில் ஆர்கிட் பூத்த கதை

வார முடிவில் நான் லயத்துக்குப் போனேன். ஆற்றோர லயத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு செடி தொங்கியது. காட்டோர மரங்களில் தொற்றி வளரும் காட்டு ஆர்கிட்டைப் பாசியோடு பெயர்த்துவந்து பால் டின்னிலும் மைலோ டின்னிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வைத்திருந்தார்கள். மரம் ஏறத் தெரியாதவர்களும் பின்தங்கிவிடவில்லை. ஒரு வீட்டில் இஞ்சி, இன்னொரு வீட்டில் வெங்காயத்தாள். கடைசி வீட்டில் பிரிஞ்சாங் சந்தையிலிருந்து வாங்கிவந்த சீமை வெங்காயத்தாளான லீக்ஸ் ஒன்று டின்னுக்குள் நேராக நின்றது.

"இது என்னது?"

"ஆர்கிட் ஐயா" என்றார் வீட்டுக்காரர். "இன்னும் பூக்கல."

அஞ்சலை வீட்டுச் செடி அசல் ஆர்கிட்தான். அதன் இலை இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. துரை அனுப்பிய பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பிறகு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அரிசி மாவு.

"என்னம்மா அஞ்சல, இது மாவுல்ல?"

"பங்களா செடியில மாவுப்பூச்சின்னு தானே ஐயா ஆஸ்பத்திரியில சொன்னீங்க."

"மாவு இருக்கு. பூச்சி எங்க?"

"அது உள்ள கட்டில்ல இருக்கு" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையில் அந்தக் குழந்தை. என் ஊதா மருந்து அதன் கழுத்தில் காய்ந்து திட்டுத்திட்டாக இருந்தது. விட்டுவிட்டு வந்த காய்ச்சல் அன்றும் இருந்தது.

நான் உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தேன். பலகை இடுக்கில் தீக்குச்சியை விட்டு இழுத்தால் மூட்டைப்பூச்சி வரிசையாக வந்தது. வெளியே வந்து, "கடுமையான கேஸ்தான், மருந்து அடிக்கணும்" என்றேன். உத்தரவில் பூச்சி என்றுதான் இருந்தது. எந்தப் பூச்சி என்று இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்துப் பம்போடு ஆட்கள் வந்தார்கள். பாய், தலையணை, கட்டில், பெட்டி எல்லாவற்றையும் வெயிலுக்குக் கொண்டுவந்து போட்டோம். குழந்தைகளை ஆற்றுப் பக்கம் அனுப்பிவிட்டோம். மூட்டைப்பூச்சிக்கு மருந்து பாதி, கொதிநீர் பாதி. மண்ணெண்ணெய் டின்களில் வெந்நீர் கொதிக்க வைத்து, கட்டில் பலகையின் ஒவ்வொரு இடுக்கிலும் ஊற்றினோம். துணியெல்லாம் வெந்நீரில் அலசப்பட்டது. சுவர்ப் பலகைக்கும் தரைக்கும் மருந்து அடித்து, நாற்றம் போகும்வரை கதவைத் திறந்துவிட்டோம். லயம் முழுவதும் கல்யாண வீடு போல் இருந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடியபடி சிரித்துச் சிரித்து வேலை செய்தார்கள்.

அப்போது லேண்ட் ரோவர் சத்தம் கேட்டது.

6. துரை வந்தார்

துரையும் அம்மாவும் இறங்கினார்கள். நோய்ப்பட்ட ஆர்கிட்டுகளை நேரில் பார்க்க வந்திருந்தார்கள். பின்னால் பெரிய கிராணி. சிரிப்பு அப்படியே நின்றது. வெயிலில் கிடந்த கட்டில்களையும், கொதிக்கும் டின்களையும், வாசலில் தொங்கிய செடிகளையும் துரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசி வீட்டில் நின்றார். மைலோ டின்னைக் கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்தார்.

"இது லீக்ஸ்" என்றார்.

கம்பெனி மருந்தை இல்லாத ஆர்கிட்டுக்கு அடித்தவன் என்று என்னை அன்றே மலையைவிட்டு இறக்கியிருக்கலாம். வீட்டுக்காரரை லயத்தைவிட்டே கிளப்பியிருக்கலாம். துரைக்கும் அது தெரியும். கையில் டின்னோடு நின்றுகொண்டிருந்தார்.

அதற்குள் அம்மா, "ஐயோ, இது என்ன?" என்றார். அவர் அருகில் நின்ற கட்டில் பலகையில், வெந்நீருக்குத் தப்பிய மூட்டைப்பூச்சி ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"மூட்டைப்பூச்சிம்மா" என்றேன்.

"இது பங்களாவுக்கு வருமா?"

"வரும்மா. துணியில, கூடையில ஏறிக்கிட்டு எங்க வேணும்னாலும் போகும்." சொன்னது சத்தியமான வைத்திய உண்மை. "பங்களாவுக்கு வேலைக்கு வர்றவங்க எல்லாரும் இந்த லயத்து ஆளுங்கதான்."

அம்மா துரையைப் பார்த்தார். "தனா, எல்லா லயத்துக்கும் அடிக்கச் சொல்லுங்க. இன்னிக்கே."

துரை கட்டிலருகே வந்தார். குனிந்து, விரலால் பூச்சியைப் பலகையோடு வைத்து நசுக்கி, விரலைப் பலகையிலேயே துடைத்தார். பழகிய கை. புத்தகம் படித்து வந்த துரைக்கு அது வராது. லயத்தில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். அவருக்கும் அது தெரிந்தது. டின்னை இருந்த இடத்தில் வைத்தார்.

"கிராணி."

"சார்."

"எல்லா லயத்திலேயும் ஆர்கிட் இருக்குன்னு எழுதிக்குங்க."

"சார், மேல் லயத்துல ஒரு செடிகூட..."

"இருக்குன்னு எழுதுங்க."

வண்டியில் ஏறப் போகும்போது துரை என் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "வெந்நீர் மறுபடியும் ஊத்தணும் டிரெஸர். ஒரு தடவையில போகாது" என்றார். நான் தலையாட்டினேன். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை.

எல்லா லயத்துக்கும் மருந்து அடித்தோம். வெந்நீரும் திரும்பத் திரும்ப ஊற்றினோம். அஞ்சலையின் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. புண் ஆறியது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் சொறிகிறவர்கள் குறைந்தார்கள். காலையில் மலைக்குப் போகிறவர்கள் தூங்கி எழுந்த முகத்தோடு போனார்கள். கொழுந்து நிறைய வருகிறது என்று பெரிய கிராணி ஆச்சரியப்பட்டார். நல்ல மழை என்று துரை மேலிடத்துக்குச் சொன்னார்.

7. டைரக்டர் அம்மா

வருஷக் கடைசியில் டைரக்டர் தம்பதி வந்தார்கள். கண்ணாடி அறையில் ஆர்கிட் மூன்று கொத்துப் பூத்திருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் இருக்கட்டும் என்று என்னையும் வெள்ளைக் கோட்டோடு வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். டைரக்டர் அம்மா உள்ளே வந்தார். பூவைப் பார்த்தார். எங்கள் துரைசானி அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அழகாக இருக்கிறது. நீங்கள் வைத்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் டைரக்டர் அம்மா.

"உங்களுடையது" என்றார் துரை.

"என்னுடையதா? நான் ஆர்கிட் வைத்ததே இல்லையே. எனக்கு ரோஜாதான்." பிறகு நாயைக் கூப்பிட்டுத் தடவிக்கொடுத்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது நாயைத்தான்.

துரையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

சாயங்காலம் டைரக்டர் லயங்களைச் சுற்றிப் பார்த்தார். டின்களில் தொங்கிய காட்டு ஆர்கிட்டுகள் சில அப்போது பூத்திருந்தன. அவர் அசந்துபோய் நின்று படம் எடுத்தார். அஞ்சலையையும் குழந்தையையும் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார். அடுத்த வருஷம் கம்பெனி வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் படம் வந்தது. தொழிலாளர்கள் மனநிறைவோடு மலர் வளர்க்கும் தோட்டம் என்று கீழே போட்டிருந்தார்கள். தனபாலன் துரைக்கு அதனால் நல்ல பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் ஆபீசுக்கு உயர்ந்து போனார்.

அஞ்சலையிடம் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "குழந்தை படத்துல நல்லா விழுந்திருக்கு ஐயா" என்றாள்.

8. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஆர்கிட்டில் மாவுப்பூச்சி வந்தால் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டேன். புதுச் செடியைத் தனியாக வையுங்கள். எறும்பை முதலில் விரட்டுங்கள். துடைத்ததோடு முடிந்தது என்று நினைக்காமல் மறுபடி மறுபடி துடையுங்கள்.

மற்றது, படிப்பில் சொல்லித்தராத விஷயம். மருந்து கேட்டு நான் ஒவ்வொரு தடவையும் தொழிலாளிகள் படும் கஷ்டத்தை எடுத்துச் சொன்னேன். அது மேலே இருந்தவர்கள் யாரையும் கடிக்கவில்லை. உங்கள் ஆட்களைக் கடிக்கிற பூச்சி எந்த வழியாகப் பங்களாவுக்கு ஏறும் என்று கண்டுபிடித்து, அதை முதலில் சொல்லுங்கள்.

எஸ்டிமேட்டில் 'ஆர்கிட் பராமரிப்பு' என்று அடுத்த வருஷமே ஒரு தலைப்பு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அதன் பேரில்தான் எல்லா லயத்துக்கும் மருந்து அடித்தோம். தனபாலன் துரைக்குப் பிறகு வந்த துரைகளில் சிலர், இது என்ன என்று கேட்டார்கள். பெரிய இடத்து விஷயம் என்று மட்டும் சொல்லுவேன். நான் ஓய்வு பெறும்வரை யாரும் அதில் கைவைக்கவில்லை.